வரிசையில் நானூத்திப் பதினாலு

இந்த ரிப்போர்ட்ல பதினாலுன்னா போட்டிருக்கீங்க? தப்பு தம்பி. நானூத்திப் பதினாலு. அன்னைக்கு என் ரிவ்யூ வரிசையில நின்ன பேக்கேஜ் அத்தனை. டைப் அடிச்சவங்க நானூற அப்படியே முழுங்கிட்டாங்க போல. திருத்திக்கோங்க. அந்த நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காருங்க, காத்து இங்கதான் வரும். உள்ள எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு ரகசியம் பேச வேணாம். எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்கும், பதில்தான் வராது. ஒரு நாள் காலையில ஆபீஸ் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாரு, அப்படியே சாஞ்சாரு. நாலு வருஷம் ஆச்சு. நீங்க சத்தமாவே பேசுங்க. வீட்டுல இன்னொரு குரல் கேட்டா அவருக்கும் நல்லாத்தான் இருக்கும்.

ஓ, நீங்க எங்க ரிவ்யூ கமிட்டி ஆளே இல்லையா? ரிப்போர்ட் எழுத வந்த வக்கீலா! அதான பாத்தேன், இஸ்திரி போட்ட சட்டையோட எங்க ஆளுங்க எவனும் வந்ததில்லையே. சரி, அப்ப அடியிலேர்ந்து சொல்றேன். எங்கயோ ஒருத்தன் தன் வீட்டுல உக்காந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதுறான். தேதி கணக்குப் போட, ஃபைலச் சுருக்க, அந்த மாதிரி. எழுதினத ஒளிச்சு வைக்காம, யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்டுடுறான். அதத்தான் ஓப்பன் சோர்ஸுங்கறோம். அத பேக்கேஜா கட்டி எங்களுக்கு அனுப்புவான். எங்கள மாதிரி ஒருத்தர் வரி வரியாப் படிச்சுட்டு சரின்னு அமுக்கணும். அமுக்கிட்டா அவ்வளவுதான், பேங்க், ஆஸ்பத்திரி, ரயில் ஆபீஸ், எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு எடுத்துப் போட்டுக்குவாங்க. வாட்ச்மேன் வேலைதான், ஆனா யூனிஃபார்மும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

எத்தன பேரா? வெளியில கேட்டா நாற்பது பேருன்னு பெருமையாச் சொல்லுவாங்க. போட்டோவோட பேரு இருக்கும். நிஜமா உக்காந்து படிக்கிறது அஞ்சு பேரு. அதுல ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன். இன்னொருத்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, ஆளையே காணோம்.

முறைய மாத்தணும்னு கேக்குறீங்க, சொல்றேன், எழுதிக்கோங்க. ஒரு ஆளுக்கு மாசம் இருபது பேக்கேஜுக்கு மேல குடுக்கக் கூடாது. மிச்சம் காத்துக் கிடக்கட்டும், குடி ஒண்ணும் முழுகிடாது. அப்புறம், ரெண்டு பேரு படிக்கணும். ரெண்டாவது ஆளு யாருன்னு மொதல் ஆளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னாகும், அவங்க பாத்துக்குவாங்கன்னு இவங்க விடுவாங்க, இவங்க பாத்துட்டாங்கன்னு அவங்க விடுவாங்க. எங்க வீட்டுல கேஸ் அடுப்ப அணைக்கிற விஷயம் அப்படித்தான் இருந்துச்சு, அவர் நல்லா இருந்த காலத்துல.

இன்னொண்ணு, நம்பிக்கை வரிசைன்னு ஒண்ணு வச்சிருக்கோமே, அதத் தூக்கிக் கடாசணும். ஒருத்தர் அனுப்பின அஞ்சு பேக்கேஜ் சுத்தமா இருந்தா ஆறாவதுலேர்ந்து அவரு நம்பிக்கை வரிசை. முழுசாப் படிக்க வேணாம், எது மாறியிருக்கோ அத மட்டும் பாத்தாப் போதும், அதையும் ஒரே ஆளு பாத்தாப் போதும். யாரு இந்தப் புத்திசாலித்தனமான யோசனை சொன்னதுன்னு கேளுங்களேன். நான்தான். கைதட்டினாங்க தம்பி, அன்னைக்கு மீட்டிங்ல.

எழுதிட்டீங்களா? இதையும் எழுதுங்க. அனுப்புறவங்களும் பாக்குறவங்களும் தனியா லெட்டர் போட்டுக்கவே கூடாது. பேச்செல்லாம் பொதுவுல, நாலு பேரு பாக்குற இடத்துல இருக்கணும். ஏன்னா... ஏன்னு அப்புறம் சொல்றேன். இல்ல, இப்பவே சொல்லிடுறேன், அப்புறம்னா சொல்ல மாட்டேன்.

குருவின்னு பேரு வச்சிருந்துச்சு அது. ஆம்பளையா பொம்பளையா, ஒரு ஆளா பத்து ஆளா, எனக்குத் தெரியாது. மொதல்ல ஒரு சின்ன பேக்கேஜ் அனுப்புச்சு. நான் ரெண்டு தப்பு சொன்னேன், மறுநாளே திருத்தி அனுப்புச்சு. பொதுவா எல்லாரும் திட்டுவாங்க தம்பி. எத்தன நாளு இழுத்தடிப்பீங்க, தூங்குறீங்களான்னு. இது மட்டும், நேரம் எடுத்துக்கோங்க, ஒடம்ப பாத்துக்கோங்கன்னு எழுதுச்சு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்காரருக்குத்தான் முடியலன்னு ஒரு வரி எழுதிட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் லெட்டர். தினமும்னா தினமும். இன்னைக்குச் சாப்பிட்டாரா? இதான் மொதல் வரி. பேக்கேஜ் பேச்செல்லாம் அப்புறம்தான். ஒரு தடவ முதுகுல புண்ணு வந்துடுச்சுன்னு எழுதினேன், எந்த மாதிரி மெத்த வாங்கணும்னு விசாரிச்சு எழுதுச்சு. அந்த மெத்தையிலதான் படுத்திருக்காரு பாருங்க. இவரு கூடப் பொறந்தவங்க மூணு பேரு. மொத மாசம் பழத்தோட வந்தாங்க, ரெண்டாவது மாசம் போன் பண்ணாங்க, மூணாவது மாசத்துலேர்ந்து நாங்க செத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டாங்க. எங்க அண்ணன் நாலு தெரு தள்ளித்தான் இருக்கான். வந்தான்னா கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருப்பான்.

பதினாறு மாசம். அஞ்சு பேக்கேஜும் பளிங்கு மாதிரி சுத்தம். ஆறாவது நம்பிக்கை வரிசையில வந்துச்சு.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அந்த பேக்கேஜ எடுத்துப் போட்டுக்கிட்ட இடங்கள்ல ஆம்புலன்ஸ் ஆபீஸும் ஒண்ணு. ஏழு மணி நேரம் அவங்க கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துடுச்சு. போன்ல வந்த அட்ரஸ கையில எழுதி எழுதி வண்டி அனுப்பியிருக்காங்க. நான் பேப்பர்லதான் படிச்சேன். ஒரு தையக்காரம்மா, நெஞ்ச அடைக்குதுன்னு அவங்களேதான் போன் பண்ணியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு தெருமுனையில நின்னு போற வர்ற வேன் எல்லாத்தையும் கைய நீட்டி நிறுத்தியிருக்காரு. பால் வண்டியக் கூட நிறுத்தியிருக்காரு தம்பி. ஒண்ணே முக்கா மணி நேரம். திரும்பி வீட்டுக்குப் போனப்ப அந்தம்மா மெஷின் மேலயே கவுந்து கெடந்தாங்களாம்.

தண்ணி வேணாம், எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க உக்காருங்க.

உங்க ரிப்போர்ட் என்ன சொல்ல வருதுன்னு எனக்குப் புரியுது. தப்பு ஆளு மேல இல்ல, முறை மேலதான். அப்படிச் சொல்லிட்டா என் மேல கேஸ் வராது. நீங்க நல்ல மனுஷன், அதுக்காகத்தான் மெனக்கெட்டு வீடு வரைக்கும் வந்திருக்கீங்க. எனக்குத் தெரியாமலா? நான் உள்ள போனா இவருக்கு ஒரு வாய்ச் சோறு குடுக்கக் கூட நாதி கிடையாது. நேத்து பூரா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பேசாம கையெழுத்தப் போட்டுடலாம்னுதான் முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

ஆனா இந்த ஒன்பதாம் பக்கம் இருக்கு பாருங்க. வேலைப்பளு காரணமாக அந்த வரியை அவர் கவனிக்கத் தவறிவிட்டார்னு போட்டிருக்கீங்க. நல்ல தமிழ். படிச்சப்ப எனக்கே என் மேல பாவமா இருந்துச்சு.

நான் பாத்தேன் தம்பி அந்த வரிய.

மத்தியானம் ரெண்டே கால். அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்து உக்காந்தேன். மாறினது மொத்தமே முப்பது வரி. இருபத்தி ரெண்டாவது வரி. பேக்கேஜ கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே வெளிய ஒரு இன்டர்நெட் அட்ரஸுக்குப் போயி எதையோ எடுத்துக்கிட்டு வந்து ஓட்டச் சொல்லுது. மொதல் நாளு ரிவ்யூ பண்ண வந்த புள்ளைக்குக் கூடத் தெரியும், அது இருக்கக் கூடாத வரி. எனக்குத் தெரியாதா? இந்த வரி எதுக்குன்னு டைப் அடிச்சேன். அடிச்சுட்டு அத அனுப்பாம பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அஞ்சாவது பேக்கேஜுல சும்மா ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதுக்கப்புறம் ஒன்பது நாளு லெட்டர் இல்ல. கோச்சுக்கிச்சுன்னு நெனச்சேன். அந்த ஒன்பது நாளும் சாப்பிட்டாரான்னு கேக்க ஒரு நாதி இல்ல. காலையில எந்திரிச்சு மெயிலத் தொறப்பேன், மூடுவேன். பல்லு கூட வெளக்காம அப்படியே கெடந்தேன் தம்பி. வெக்கத்த விட்டுச் சொல்றேன், அந்த ஒன்பது நாள இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது.

அதனால அந்தக் கேள்விய அழிச்சேன். ஏதோ ஒரு காரணம் இருக்கும், நாளைக்கு விசாரிச்சுக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரின்னு அமுக்கினேன். அஞ்சு நிமிஷத்துல லெட்டர் வந்துடுச்சு. இன்னைக்குச் சாப்பிட்டாரா? சாப்பிட்டாரு, ரெண்டு கரண்டி கூடவே சாப்பிட்டாருன்னு சந்தோஷமா எழுதினேன். அதுதான் கடைசி லெட்டர்.

இப்பச் சொல்லுங்க, ரெண்டு ஆளு, இருபது பேக்கேஜுன்னு நான் சொல்லி நீங்க எழுதியிருக்கிற விதி எது என்னத் தடுத்திருக்கும்? எழுதுங்க, வேணாம்னு சொல்லலை, மத்தவங்களுக்கு உதவும். இந்தப் பக்கத்துல மட்டும் கவனித்தார்னு மாத்துங்க. கவனித்தார், தெரிந்தே அனுமதித்தார். பேனா எழுதலையா? இந்தாங்க, இதுல எழுதுங்க.

என்ன பாக்குறீங்க? யோசிச்சுத்தான் சொல்றேன். அந்தத் தெருமுனையில நின்ன மனுஷனுக்கு, முறை சரியில்லைன்னு ஒரு பதிலக் குடுக்க எனக்கு மனசு வரலை. யாரு, ஏன்னு அவருக்குத் தெரியட்டும். இவர எங்க சேக்கலாம்னு ரெண்டு ஆஸ்பத்திரியில கேட்டு வச்சிருக்கேன், சொல்லி அனுப்புறோம்னிருக்காங்க.

மணி நாலா? அய்யோ, பேச்சு வாக்குல மறந்துட்டேன், அவர வலது பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும். சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு வாங்க தம்பி, தோளுப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன், நீங்க இடுப்புக்குக் கீழ கை குடுங்க. மெதுவா. அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு, மூஞ்சியப் பாக்காதீங்க.