ஏழாவது கட்டணம்

என்னைக் கஞ்சன் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா. செல்போன் பழுது பார்க்கிறவன் ஒரு திருகாணியைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. அதனால் நீங்கள் விசாரணைக்கென்று நீட்டிய தாளில் இருக்கும் அந்த ஆறு சின்னக் கட்டணங்களைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நேரங்களும் சரியாகத்தான் இருக்கின்றன.

என் தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கப்பலை மறித்துப் பிடித்தவர்கள் பணத்தைக் கிரிப்டோ நாணயமாகக் கேட்டார்கள். மாலை நான்கு மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் ஆள் இல்லை என்றார்கள். தங்கை வீட்டை விற்றுவிட்டாள். குடும்பத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலை ஒன்பது மணிக்கு என் கடையிலிருந்து அனுப்பினேன்.

அனுப்புவதற்கு ஒரு கட்டணம் உண்டு. அதிகம் கொடுப்பவருடையது முதலில் பதிவாகிப் போய்ச் சேரும். குறைத்துக் கொடுத்தால் வரிசையிலேயே நிற்கும். அப்படி நிற்கிறவரை பணம் அனுப்பியவர் கையில்தான். கட்டணத்தை ஏற்றலாம், போய்ச் சேரும் இடத்தையே மாற்றலாம். முதல் தடவை குறைவாகப் போட்டது பழக்க தோஷம். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குப் பார்த்தேன், நகரவில்லை. ஏற்றலாம் என்று கையை வைத்தேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கை அப்போதுதான் சொன்னாள்.

“அவர் வந்ததும் இந்த ஊரே வேணாம்ணா. அவங்க அக்கா இருக்கிற நாட்டுக்கே போயிடறோம். முன்னாடியே பேசி வெச்சதுதான்.”

அவளுக்கு ஒன்பது வயதில் எங்கள் பெற்றோர் போய்விட்டார்கள். தலை வாரிவிட்டது நான். அவளுக்காகத்தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. “அதுக்கென்ன, போயிட்டு வாங்க” என்றேன். கட்டணத்தையும் ஏற்றினேன், ஏற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதற்குக் குறைந்தால் எடுத்துக்கொள்ளாது என்று திரை சொன்ன அளவுக்கு மட்டும் ஏற்றினேன்.

அன்றைக்குப் பணம் அனுப்பும் வரிசையில் நல்ல கூட்டம். அந்த ஏற்றம் எதற்கும் பத்தாது என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒருவர் கொண்டுவந்த போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றிக் கொடுத்தேன்.

“இன்னும் போகலையாண்ணா?”

“ஏத்திட்டேம்மா. பாரு, அஞ்சாவது தடவை.”

“ஒரேயடியா நிறையப் போட்டுடேன். வீடே போயிடுச்சு, இதுல என்னத்தை மிச்சம் பிடிக்கப் போறோம்?”

“அவசரப்பட்டா மொத்தமும் முடங்கிடும். எனக்குத் தெரியாதா?”

அவள் தலையாட்டினாள். நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதே கிடையாது. அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

நான்கு பத்துக்கு அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். அவர்கள் மாப்பிள்ளையிடமே போனைக் கொடுத்திருந்தார்கள். “மச்சான், அனுப்பிட்டீங்கள்ல?” என்று கேட்டார். நல்ல மனிதர், என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. “ஆச்சு மாப்பிள்ளை, வந்துட்டே இருக்கு” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தைத் தங்கை கேட்கக் கூடாது என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஏழாவதாக ஒரு கட்டணம் இருக்கிறது பாருங்கள், நான்கு இருபதுக்கு. அதே பணத்தை என் கணக்குக்கே திருப்பிவிட்டது அது. திரையில் இருந்ததிலேயே பெரிய கட்டணத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் பதிவாகிவிட்டது.

இப்போது தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். பணமாவது பத்திரமாகத் திரும்பியதே என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் விஷயம் என்று வந்தால் நான் கணக்குப் பார்ப்பதே இல்லை, ஐயா. அந்த ஏழாவது கட்டணத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும்.