இசோகாயின் ரப்பர் விரல்

மாலை ஐந்து மணியாக இன்னும் பத்து நிமிடம். ஜனவரி மாதம். மலைமேல் இருக்கும் தகனக்கூடத்துக்கு ஒரே ஒரு சாலைதான்... இரண்டு பக்கமும் ஆளுயரப் பனி. அதில் ஒரு வேன் ஏறி வருகிறது. சக்கரத்தில் கட்டிய சங்கிலி கரக்... கரக்... என்று பனியில் அரைபடுகிறது. உள்ளே ஒரு சவப்பெட்டி. பக்கத்தில் ஒரு கிழவி. வேறு யாரும் இல்லை.

அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இடைவேளை முடிந்து ஆலைச் சங்கு ஊத இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அதற்கு மேல் மீன் வெட்டத்தானே போகிறோம். இது என் சிநேகிதன் நாகாசே சொன்னது. அவனுடைய தாய்மாமன் இசோகாய்க்கு நடந்தது.

இசோகாய் அந்தத் தகனக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் இருபது வருடம் துறைமுகத்தில் யாகுசா என்ற ரவுடிக் கும்பலில் இருந்தவர். முகத்தைச் சுளிக்காதே. உன் அப்பா காலத்தில் நீயும் குனிந்து வணக்கம் சொல்லியிருப்பாய். போர் முடிந்து அரிசி கிடைக்காத நாளில், ரயிலடியில் கள்ளச் சந்தை நடத்தி ஊருக்குச் சோறு போட்டது அவர்கள்தான். கடைக்காரனை மிரட்டி மாமூல் வாங்கியதும் அவர்கள்தான். வாசலில் பெயர்ப் பலகை தொங்கும். போலீஸ்காரர் தேநீர் குடிக்க அங்கேதான் போவார். அப்புறம் சட்டம் வந்தது. கும்பல் ஆட்களுக்கு வாடகைக்கு வீடு கிடையாது, அவர்கள் பெயரில் செல்போன் கிடையாது. கும்பலை விட்டு வந்தாலும் ஐந்து வருடத்துக்கு அதே கதி. ஊர் மொத்தமும் கை கழுவிவிட்டது.

இசோகாய் முறைப்படி விலகியவர். சேரும்போது மகன் முறை ஏற்று, தலைவர் கையால் வாங்கிக் குடித்த மதுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே இடது சுண்டுவிரல் நுனியை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி அவர் முன்னால் வைத்தார். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவதில்தான் வந்தது. பிறகு ரப்பரில் ஒரு நுனி செய்து மாட்டிக்கொண்டார். நகமெல்லாம் வைத்து அசல் மாதிரியே இருக்கும்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவருடைய அக்கா, அதாவது நாகாசேயின் அம்மா, வாசலில் நிற்க வைத்தே சொல்லியிருந்தாள்: "உன் பேர்ல ஒரு போன் வாங்கு. அதுலருந்து கூப்பிடு. அன்னைக்குக் கதவத் திறக்கறேன்."

அந்த வேன் ஏறி வந்த அன்று, ஐந்து வருடம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. நடுவில் பழைய ஆட்களோடு ஒட்டுறவு என்று தெரிந்தால், மறுபடி முதலிலிருந்து ஐந்து வருடம்.

வேனில் வந்தது அந்தத் தலைவரின் பிணம். அந்தக் காலமாக இருந்தால் மலையடி வரைக்கும் கறுப்புக் கார்கள் நின்றிருக்கும். இப்போது ஈமச்சடங்கு நடத்த எந்தக் கூடமும் இடம் தரவில்லை. கூட வந்தது அவர் மனைவி மட்டும். கும்பலில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

எரிந்து முடிந்ததும் இசோகாய் தட்டை வெளியே இழுத்தார். சூடு முகத்தில் அடித்தது. சுட்ட சுண்ணாம்பு வாசனை... கிழவி எலும்பு பொறுக்கும் குச்சிகளை எடுத்துக்கொண்டு தனியாக நின்றாள். ஓர் எலும்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துத்தானே ஜாடியில் போட வேண்டும். அதுவும் சொந்தக்காரர்கள்.

"நீ ஒரு பக்கம் பிடிப்பா" என்றாள்.

"நான் கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தவன் அக்கா. எனக்கு அந்த முறை கிடையாது."

"தெரியும். ஒத்தையா எடுக்கக் கூடாதே. நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

இசோகாய் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குச்சிகளை வாங்கிக்கொண்டார். பாவம் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குச்சியைத் தொட்டவன் மறுபடியும் அந்த வீட்டுப் பிள்ளை. இருபது வருடம் அங்கே இருந்தவருக்கு இது தெரியாதா?

காலிலிருந்து தொடங்கி மேலே வந்தார்கள். டிக்... டிக்... என்று ஒவ்வொன்றாக ஜாடிக்குள் விழுந்தது. நெஞ்சுக்கூட்டுக்கு வந்தபோது, நடுவில் குட்டி குட்டியாகச் சில எலும்புகள் கிடந்தன.

கிழவி சொன்னாள்: "பசங்க விரலெல்லாம். அவரு ஒரு பாட்டில்ல போட்டு வச்சிருந்தாரு. கூடவே வைக்கச் சொன்னாரு."

குச்சி பட்டதும் எல்லாம் பொடிந்து போயின. ஒன்று மட்டும் பொடியவில்லை. அதன் ஓரத்தில் இரண்டு வெட்டுத் தடம்.

"அதையும் எடுப்பா. விட்டுட்டா அவரு தேடுவாரு."

எடுத்தார்கள். டிக்.

தன் எலும்பைத் தானே பொறுக்கிப் போட்டவன் உயிரோடு இருப்பதாக நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

இரவு அந்தச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு இறங்கும்போது இடது கை மரத்துப்போனது. குளிர் என்று நினைத்தார். மறுநாள் தோள் வரை. ஒரு வாரம் கழித்து நாகாசே அவரோடு நூடுல்ஸ் சாப்பிடப் போனான். அவர் எரிகிற சிகரெட்டைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திக் காட்டினார். கருகிய வாசனை வந்தது. முகம் அசையவில்லை.

"வலிக்கலடா. பயமாவும் இல்ல. உங்கம்மாவ நெனச்சாக்கூட ஒண்ணும் வரல."

அப்புறம் சூடான கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். இடது சுண்டுவிரல், அந்த ரப்பர் நுனி... வெடுக்கென்று மடங்கிக்கொண்டது.

"இதுக்கு மட்டும் சுடுது" என்றார்.

ஐந்து வருடம் முடிந்த மறுநாள் காலை நாகாசே வீட்டில் போன் அடித்தது. அம்மாதான் எடுத்தாள். பேசியது செல்போன் கடைப் பெண். இசோகாய் என்பவர் தன் பெயரில் போன் வாங்கினார், கையெழுத்துப் போட்டார், முதலில் இந்த எண்ணைக் கூப்பிடச் சொன்னார், நான் எண்களை அழுத்திவிட்டு நிமிர்ந்தால் நாற்காலியில் ஆள் இல்லை, ஒரு பொருளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தகனக்கூடத்திலும் இல்லை, அறையிலும் இல்லை.

நாகாசே கடைக்குப் போய், ஒரு கைக்குட்டையில் சுற்றி வாங்கி வந்தான். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கதவைத் திறந்து, அதை உள்ளே வாங்கி, பூசை மாடத்தில் வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நானே பார்த்தேன். ரப்பர்தான்... தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறது.

மாதம் ஒருமுறை அவள் அதற்கு நகம் வெட்டிவிடுகிறாள்.