ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கம்பெனியிலிருந்து வந்திருக்கும் புதிய மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் சாரத்து சாரின் துணைவியார் அவர்களே, அவருடைய மகளே, மருமகனே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் கொத்தனார்களே, தச்சர்களே, கம்பி கட்டுகிறவர்களே, என்னோடு செங்கல் சுமந்த சித்தாள் சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால் எனக்கு யாரும் துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டாம்.

இங்கே வைத்திருக்கும் படத்தில் சார் கோட்டு போட்டிருக்கிறார். அந்தக் கோலத்தில் நான் அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்த்த மனிதர் வார் அறுந்துபோய் கயிறு கட்டிய ஹெல்மெட் போட்டவர். காதில் பேனா, கையில் தலையில்லாத ஒரு சுத்தியல் பிடி. அந்தப் பிடியால் சாரத்துப் பலகை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். கூட்டுப் பாதுகாப்புக் குழுவின் நிர்வாகத் தரப்புத் தலைவர் என்று கம்பெனி அவருக்குப் பட்டம் கொடுத்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சிமெண்ட் இறுகிவிடும். காலையில் கட்டடத்தைச் சுற்றிய சாரத்தில் முதலில் ஏறுகிறவர் அவர்தான் என்பதால் நாங்கள் சாரத்து சார் என்றோம். அது ஒட்டிக்கொண்டது.

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் அவரை நல்லவர், வல்லவர் என்றார்கள். நான் அவரைப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவள். அதில் முதல் மூன்று வருடம் அவரை வெறுத்தவள். ஏன் என்று சொல்ல வேண்டாமா? வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், மழையில் நின்ற பெண்கள் இருபத்திரண்டு பேரின் முகத்துக்கு நேரே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியவர் அவர். நீலக் கட்டம் போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் இல்லை. சாத்தும்போது எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. தலைவரே, உங்களையும் சேர்த்துத்தான். கூட்டுக் குழு வேண்டாம் என்று கை தூக்கிய பதினாறு பேரில் நீங்கள் மூன்றாவது.

அந்த வேலைநிறுத்தம் முடிந்தபோது ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினார்கள். தினமும் வேலை தொடங்கும் முன்னால் கம்பெனி ஆள் ஒருவரும் சங்கத்து ஆள் ஒருவரும் சேர்ந்து சாரம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏணிப்படி அடியில் பச்சை அட்டை தொங்கும். பச்சை தொங்கினால் ஏறலாம். சிவப்பு தொங்கினால் முதலாளியே வந்தாலும் ஏறக்கூடாது. கம்பெனி அவரை அனுப்பியது. சங்கம் என்னை அனுப்பியது. எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அதற்குமேல் எழுதத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் அந்தப் பலகைகள் மேல் சுமையோடு நடந்தவள். எது தாங்கும், எது தாங்காது என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும்.

எங்கள் நடையைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? முன்னால் ஓர் ஆபீசர், பின்னால் ஒரு சித்தாள், இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் மாடி மாடியாக ஏறுவோம். கம்பெனிக்காரர்கள் அவரைச் சங்கத்து ஆள் என்றார்கள். நம் ஆட்கள் என்னைக் கம்பெனிக் கைக்கூலி என்றார்கள். எங்கள் இருவரையும் ஏசுவதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் என்றைக்கும் ஒற்றுமை இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை இன்று காலை ஒருவரிடம் மட்டும் சொன்னேன். மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவன் இல்லை என்பதால் முதலில் அவன் வீட்டுக்குப் போனேன். உங்களுக்கு அவனைத் தெரியும். கம்பி கட்டுகிறவன். தெரிந்தது ஒரே பாட்டு, அதிலும் முதல் இரண்டு வரி. அதையே நாள் முழுக்கப் பாடுவான் என்பதால் ஒத்தப்பாட்டு என்று கூப்பிட்டோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு நொறுங்கியது. அதற்கு யார் காரணம் என்று அவன் ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

நான் சொல்கிறேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் குழுக் கூட்டத்தில் நான் ஏதோ ஆட்சேபம் சொன்னேன். சார் கட்டட வரைபடத்தை என் பக்கம் தள்ளி, பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "அம்மா, உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியுமா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். மறுநாள் காலை சாரிடம் சொன்னேன்: "இனிமே உங்ககூட நடக்க மாட்டேன். நீங்க முன்னாடி போய்ப் பாருங்க. நான் அப்புறமா வந்து பாக்கறேன்."

"அம்மா, ஒப்பந்தத்துல சேர்ந்துன்னு இருக்கே."

"தாள் ஒண்ணுதானே சார்? கையெழுத்து ரெண்டும் இருக்கும். போதும்."

என் கோபத்தைப் பார்த்து அவரும் சரி என்றுவிட்டார். ஐந்து நாள் அப்படியே போனது. ஆறாம் நாள் அவர் ஆறரை மணிக்கு நடந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் ஏழேகாலுக்கு ஏறினேன். மூன்றாம் மாடி, கிழக்கு மூலை. அங்கே ஒரு பலகையின் நுனியில் கட்டு அவிழ்ந்திருந்தது. மேலே ஒரு காலிச் சாக்கு கிடந்ததால் அவர் கண்ணுக்குப் படவில்லை. என் காலுக்குப் பட்டது. பலகை ஆடியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கீழே இறங்கிச் சிவப்பு அட்டையை மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. மாட்டினால் சார் ஓடி வந்து கட்டிவிடுவார், ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். பதினோரு மணிக்குக் குழுக் கூட்டம் இருந்தது. அவர் என்னைக் கேட்ட அதே பத்துப் பேர் முன்னால் நானும் அவரைக் கேட்க வேண்டும்: 'படம் பார்க்கத் தெரியுது, பலகை பார்க்கத் தெரியலையா சார்?' அந்த ஒரு கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அன்றைக்குக் கிழக்கு மூலையில் யாருக்கும் வேலை இல்லை. பதினோரு மணிக்குள் அங்கே யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். பச்சை அட்டையை என் கையால் மாட்டினேன்.

பத்து மணிக்கு ஒத்தப்பாட்டு, கட்டுக்கம்பிச் சுருள் ஒன்றை எடுக்க அந்த மூலைக்குப் போனான். பாட்டு பாதியில் நின்றது. எனக்கு முதலில் கேட்டது அதுதான். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

விசாரணையில் கம்பெனி சாரைக் கூப்பிட்டுச் சொன்னது: "கடைசியா கையெழுத்து போட்டது அந்தம்மா. அதை மட்டும் எழுதிக் குடுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்." அவர் எழுதவில்லை. 'இருவரும் சேர்ந்து நடக்கவில்லை. தனித்தனியாக நடக்க நான் சம்மதித்தேன். தவறு அதுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வரவேண்டிய பதவி அந்த வருடம் இன்னொருவருக்குப் போனது. எங்கள் சங்கத்தில் ஒருவர்கூட அதற்காக அவருக்கு நன்றி சொல்லவில்லை. நான் சொன்னேனா? நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு இருபதுக்கு ஏணிப்படி அடியில் நின்றுகொண்டிருந்தார். "வாங்கம்மா, நடக்கலாம்" என்றார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் நாங்கள் தனித்தனியாக நடந்ததில்லை. பேருந்து தாமதமானால் எனக்காக மழையில் நிற்பார். கைப்பிடிக் கம்பி ஒன்று குறைந்ததென்று கான்கிரீட் கலவை வண்டிகள் ஆறையும் வாசலில் நிறுத்திவைத்தார். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். "அந்தம்மா கையெழுத்து போடல சார், நான் என்ன பண்ண?" என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கூட நடந்ததவிட உங்ககூடத்தான்மா இவர் அதிகமா நடந்திருக்கார்" என்றார். தங்கச்சி, உன் பங்கையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இரண்டு வாரம் முன்னால், திங்கட்கிழமை. நான்காம் மாடியில் மூச்சு வாங்கியது அவருக்கு. பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய் மேல ரெண்டு மாடியும் பாத்துட்டு வாங்கம்மா. நான் இங்கயே கையெழுத்து போட்டுடறேன்."

"தனியா போக மாட்டேன் சார்" என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சிரித்தார். "அப்ப இன்னைக்கு வேலை நிறுத்தம்தான்."

"பழக்கம்தானே சார். இந்த தடவ கதவை யாரு சாத்தறது?"

அதற்கும் சிரித்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சார், அன்னைக்கு அந்தப் பலகை ஆடினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன்."

"தெரியும்மா. உங்க காலுக்கு அது தப்பாது."

"ஒம்போது வருஷமா தெரியுமா? அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா மறுபடியும் தனியா நடந்திருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கி வந்து சிவப்பு அட்டையை அவரே மாட்டினார். அன்று முழுக்க வேலை நின்றது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அவரை வழியனுப்பிய மறுநாள், மேலாளர் அவர்களே, உங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. நான்கு பேரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இனிமேல் கம்பெனி ஆள் தனியாகப் பார்ப்பாராம், தனித் தாளாம். சங்கத்து ஆள் தனியாகப் பார்ப்பாராம், தனித் தாளாம். நேரம் மிச்சமாம். ஆள் ஒருவர் வராவிட்டால் ஒரு நாள் வேலை கெடாதாம்.

சங்கம் பொங்கி எழும் என்று நினைத்தேன். எழுந்ததா? வாசலில் நம் ஆட்களே என்னிடம் சொன்னார்கள்: "விடுங்கம்மா. நம்ம தாள் நம்மகிட்ட இருந்தா, நாளைக்கு ஏதாவது ஆனா நம்ம தலை தப்பும்."

யார் தலை தப்பும்? விழுகிறவன் தலையா? தனித் தாள் கையில் இருந்தால் ஒவ்வொருவனும் அடுத்தவன் எங்கே தவறினான் என்றுதான் தேடுவான். நான் தேடினேனே. கண்டுபிடித்து, கையில் வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்காகக் காத்திருந்தேனே. அவர் அருகில் நடந்திருந்தால், "சார், இங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து தானாக வந்திருக்கும். எவ்வளவு கோபமாக இருந்தாலும் வந்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவனிடம் அதை மறைக்க யாராலும் முடியாது.

இன்று காலை இதைச் சொன்னபோது ஒத்தப்பாட்டு தன் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "ஒம்போது வருஷமா மாசாமாசம் மருந்து வாங்கிட்டு வந்து குடுத்தியேக்கா. இதுக்குத்தானா?"

ஆமாம் தம்பி, இதற்குத்தான். மூன்றாம் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறாய். என்னைப் பார்க்காமல் இருக்கிறாய். பார்க்க வேண்டாம். நீ வந்ததே எனக்குப் பெரிது.

சங்கம் இதை வைத்து என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கலாம். கம்பெனி என்மேல் கேஸ் போடலாம். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், எனக்கு அறுபத்தெட்டு வயது. ஆனால் எனக்குப் பதிலாக வருகிறவரைத் தனியாக நடக்கவிடாதீர்கள். உங்கள் இரண்டு தரப்பையும் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை என்று இந்தக் கூட்டத்துக்கே தெரியும்.

சாருக்கு மலர்வளையம் வைத்தாகிவிட்டது. அவர் வேலையைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் ஆறு பேர் சபதம் எடுத்தார்கள். எப்படித் தொடர்வீர்கள்? ஆறு பேரில் ஒருவர் சொன்னீர்களா? நான் எப்படி என்று சொல்கிறேன். நாளைக் காலை ஆறரை மணிக்கு நான் ஏணிப்படி அடியில் நிற்பேன். மேலாளர் அவர்களே, நீங்கள் வர வேண்டும். உங்கள் மேல் எனக்கு இன்னும் ஒரு கோபமும் இல்லை. நாம் பழகியதே இல்லை. பேசாமல் வேண்டுமானாலும் நடக்கலாம், நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் நடந்தோம். வரும்போது இந்தப் பளபளக்கும் ஷூ வேண்டாம், பலகையில் வழுக்கும்.

நீங்கள் தலைவரைப் பார்க்கிறீர்கள். தலைவர் மேஜையைப் பார்க்கிறார். சரி.

அப்படியானால் சுவரோரம் நிற்கிறவர்களே, உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு நாற்பத்து மூன்று பேர் ஏற வேண்டும். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை என்றால் நான் முதல் படியில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் படி ஓர் ஆள் அகலம்தான். என்னைத் தூக்கி ஓரமாக வைப்பது உங்களுக்கு ஒரு வேலையே இல்லை, சிமெண்ட் மூட்டையைவிட நான் கனம் குறைவு. தயவுசெய்து தூக்காதீர்கள். என்னோடு உட்காருங்கள்.