ஏரியோர வெள்ளரி

ஆவடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். கடைசிப் பறிப்பு வெள்ளரிக் கூடையைக் காலடியில் வைத்திருந்த விவசாயி சொன்னார்: "நெலத்த பட்டா போட்டு வெலைக்கே தர்றேன்னாங்க. வேணான்ட்டேன்."

பக்கத்தில் ஃபேக்டரி யூனிஃபாரத்தில் இருந்தவர் திரும்பினார். "எந்த நிலம்ண்ணே?"

"ஏரியோரப் பொறம்போக்கு. கோடைல தண்ணி வத்துனதும் குத்தகைக்கு எட்த்து வெள்ளரி போட்டுகினு கீறேன்."

"சொந்தமா கிடைக்கிறத யாராவது விடுவாங்களா?"

"குத்தகைன்னா ஏரி ரொம்பணும்னு வேண்டிக்குவேன். வண்டல் வந்தாதான் அடுத்த வருசம் காய்க்கும். சொந்தமாயிட்டா ஊடு கட்ட ஆச வரும். அப்பால மழைய பாத்தாலே பயம்தான்."

தூறல் விழுந்தது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். விவசாயி மட்டும் கையை வெளியே நீட்டினார்.

"கைய உள்ள எடு நைனா," என்றார் கண்டக்டர்.

"எடுக்கறேன்," என்றார். எடுக்கவில்லை.