தித்திகவேகாவில் நிற்கிற பஸ்

தமட்டோவா: பன்னியப் பத்தி.

துவைனே: இந்த நோட்டீஸ் எதப் பத்தின்னு கேட்டா, பன்னியா? மறுபடி படிங்க.

தமட்டோவா: "பன்றிகளை மேட்டில் கொண்டுபோய்க் கட்டவும்." இதோ எழுதியிருக்கே, டீச்சரம்மா.

துவைனே: அது ஒரு வரி. மிச்ச ஏழு வரி? கூரைய இறுக்கிக் கட்டு, தண்ணி பிடிச்சு வை, ரேடியோவக் கேளு... எல்லாம் எதச் சுத்தி வருது?

தமட்டோவா: ...புயலா?

துவைனே: புயலுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்கிறது. அதான் மையக்கருத்து.

தமட்டோவா: பன்னி வளக்கிறவனுக்குப் பன்னிதான் மையம்.

துவைனே: நாப்பத்தொம்பது வயசுல வாயப் பாரு. பத்து மாசம் சொல்லிக் குடுத்தும், கடைசி வகுப்புலயும் பன்னியக் கட்டிட்டு அழறீங்க.

தமட்டோவா: கடைசி, கடைசின்னு இன்னிக்கு எத்தன தடவ சொல்லுவீங்க...

துவைனே: வேற எப்படிச் சொல்றது? பஸ் ஓட்டுற லைசென்ஸ் புதுப்பிக்கிற எழுத்துப் பரீட்சை பாஸாயிட்டீங்க. இந்த லைப்ரரில உங்க நாற்காலிக்கு இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க. சரி, வீட்ல ஒரு பத்தி எழுதிட்டு வரச் சொன்னேனே?

தமட்டோவா: இருக்கு. ஆனா இன்னிக்கு நான் படிப்பேன். மையக்கருத்த நீங்க சொல்லணும்.

துவைனே: ம்... படிங்க.

தமட்டோவா: "ஒரு பஸ் ரரோடோங்கா தீவைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். அவருவா நகரத்தில் கூட்டம் ஏறும். தித்திகவேகா கிராமத்தில் மஞ்சள் கேட் போட்ட வீட்டுக்கு முன்னால்... யாரும் ஏறுவதில்லை. யாரும் இறங்குவதில்லை. ஆனாலும் பஸ் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், இஞ்சின் சூடாகிவிட்டது என்று டிரைவர் சொல்கிறான்."

துவைனே: ...முடிஞ்சுதா?

தமட்டோவா: முடிஞ்சுது. எதப் பத்தி?

துவைனே: இஞ்சினப் பத்தி.

தமட்டோவா: டீச்சரம்மா...

துவைனே: ஏன், இஞ்சின் ஒரு வரிலதான் வருதோ?

தமட்டோவா: விளையாடாதீங்க. நேத்து முழுக்க உக்காந்து எழுதினது.

துவைனே: மஞ்சள் கேட் வீடு அங்க ஒண்ணுதான். அதுல இருக்கிறதும் நான் ஒருத்திதான்.

தமட்டோவா: தெரியும்.

துவைனே: ஆக்லாந்துல இருக்காளே உங்க மக... இதப் பாத்தா என்ன சொல்லுவா?

தமட்டோவா: எழுத்துப்பிழை திருத்தினதே அவதான். போட்டோ எடுத்து அனுப்பினேன். "அம்மா தவறி ஆறு வருசமாச்சுப்பா, மடிச்சு வச்சுக்காம கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டு"ன்னா. தப்புன்னா சொல்லிடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்.

துவைனே: கைய எடுங்க, கசங்குது. தப்பு ஒண்ணும் இல்ல. கடைசில ஒரு வரி விட்டுப் போச்சு, அவ்வளவுதான். பென்சில எடுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.

தமட்டோவா: ...சொல்லுங்க.

துவைனே: "அந்த வீட்டுக்காரி, பஸ் வருகிற நேரம் பார்த்து... மழை கொட்டினாலும் சரி... வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள்."