டோக்கியோவில் ஒருவருக்கான மேசை

தனியாகப் பயணம் போகிறவர்கள் சின்னப் பெட்டிதான் எடுத்துப்போக வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். ரயில் நிலையப் படிக்கட்டில் கூடப் பிடித்துத் தூக்க ஆள் இருக்காது. டோக்கியோவுக்குக் கிளம்பும் முன் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்தே தெரிந்துகொண்டேன். எந்த ரயிலுக்கு என்ன நிறம், செருப்பை எங்கே கழற்ற வேண்டும், பெண்கள் மட்டும் தங்குகிற விடுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எல்லாம்.

நீங்கள் என் கணவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் பிறந்த ரப்பர் தோட்டம் ஈப்போ பக்கம், கோப்பெங்குக்குப் பின்னால் இருந்தது. இப்போது அங்கே எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருக்கிறார்கள். உடையப்பனைக் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் வந்தேன். அவர் கல்லுடைக்கிற மலையில் லாரி ஓட்டினார். வருஷம் தவறாமல் கூட்டாளிகளோடு ஹட்ஜாய் போவார், பேங்காக் போவார், ஒருமுறை மேடான்கூடப் போனார். திரும்பும்போது எனக்கு வாசனைச் சோப்பு வாங்கி வருவார். கோயில் மாதர் குழுவோடு நானும் இந்தியா போய் வரட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒனக்கு எதுக்குலா பாஸ்போர்ட்டு? கோப்பெங் பாசாருக்குப் போனா கேக்குறானா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் அடியோடு போய்விட்டது. பேச்சில் நாலைந்து சொல்தான் மிச்சம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. நாலு வருஷப் படுக்கையில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. டாக்டரைக் கேட்டுப்பாருங்கள்.

அவர் தூங்குகிற மதியங்களில்தான் வீடியோ பார்ப்பேன். டோக்கியோவில் ஒரு கடையில், இருக்கைக்கு இருக்கை நடுவில் பலகை அடைத்திருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. சூப்பும் மீ நூடுல்ஸும் எதிரே ஒரு சின்னச் சன்னல் வழியாக வரும். யாரோடு வந்தாய், வீட்டுக்காரர் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே உட்கார வேண்டும் என்று நினைத்தேன். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி முறையாகத்தான் கேட்டேன், சார். மகள் ஷர்மினி ஜொகூரில் இருக்கிறாள்.

"இப்ப லீவு எடுக்க முடியாதும்மா. அதுக்காக அப்பாவ ஹோம்ல போட்றாதீங்க. என் மாமியார் என்ன நெனைப்பாங்க?"

என் வீட்டுக்காரர் தம்பி ஜெயபாலன் பாகான் செராயில் மோட்டார் கடை வைத்திருக்கிறார்.

"கடைய வுட்டுட்டு எப்படி அண்ணி வாரது? ஷர்மினிய கூப்டுங்களேன்."

ஒரு வாரம் கழித்து ஷர்மினியிடம், சித்தப்பா வந்து தங்குகிறார் என்று சொன்னேன். ஜெயபாலனிடம், ஷர்மினி வருகிறாள் என்று சொன்னேன். இருவரும் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. ஒருவரையொருவர் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. சுவர் ஒட்டிய வீடு.

"இவரு தம்பி வந்து பாத்துக்கிறாருக்கா. இப்பல்லாம் இவரு சும்மா சும்மா கத்துறாரு, கண்டுக்காதீங்க."

வீரம்மா அக்கா நல்ல மனுஷி. கண்டுகொள்ளவில்லை.

கிளம்பிய காலை அவரைத் துடைத்து, பேம்பர்ஸ் மாற்றினேன். ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் மேசையில் வைத்தேன். மேசை அவருடைய வலது பக்கம் இருந்தது. அவசரத்தில் இடம் மாறிவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அவர் விழுந்த நாள் முதல் அந்த மேசை இடது பக்கம்தான் இருந்தது. முந்தின நாள் நான்தான் கட்டிலைச் சுற்றி இழுத்துப் போட்டேன். கனமான மேசை. அவசரத்தில் நகராது. அவருடைய போனை ஐஸ்பெட்டி மேல் வைத்தேன்.

பெட்டியைப் பார்த்து, "எங்க?" என்றார்.

"டோக்கியோ."

பாதி வாயால் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கடை வீடியோவில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. பலகைக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஷர்மினி கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அது.

"ம்மா, அப்பா போன எடுக்கவே மாட்டேங்குறாரு. சித்தப்பாவுக்கு அடிச்சுப் பாக்கட்டா?"

"வேணாம். இப்பதான் அவருகிட்ட பேசுனேன். அப்பா சாப்ட்டுத் தூங்குறாராம்."

"அப்ப சரி. நீங்க நல்லா சுத்திட்டு வாங்கம்மா."

அன்றைக்கு யாராவது கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் அவளிடம் அப்படிச் சொன்னேன். பிறகு சூப்பு ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.

மீதி நாட்களில் கோயில் ஒன்று பார்த்தேன், ஆற்றில் படகில் போனேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராக ஈப்போவுக்குப் பஸ் கிடைத்தது. வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் இல்லை. அறை வாசலில் குப்புறக் கிடந்தார். ஒரு கையாலேயே ஊர்ந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அவரால் அது முடியும் என்று எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

இதுவரை சொன்னது எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். கணவரைத் தனியாக விட்டுச் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி விட்டுப் போகிறவள் இல்லை நான்.

டிவியைப் போட்டுவிட்டுத்தான் போனேன், சார்.