ஜெட்டை அடைத்த சந்தனம்

என் பெயர் மரியஅந்தோணி. தகப்பனார் சவரிமுத்து காலமாகிவிட்டார். வயது முப்பத்தெட்டு. ஜாதி கிறிஸ்தவன். தொழில் மெக்கானிக். கோயமுத்தூர் டவுன் மாதாகோவில் சந்தில் சம்சாரம் ஜெபராணியோடும் மூன்று பெண்குழந்தைகளோடும் குடியிருக்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நான் சொல்வது எனக்கே பாதகமாக முடியலாம் என்று சப் மாஜிஸ்ட்ரேட் எசமான் எச்சரித்தார்கள். இனிமேல் புதிதாக என்ன பாதகம் வரப்போகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

காலமான தம்பிதுரை எங்கள் மில்லின் சின்ன முதலாளி. வயது இருபத்தைந்து. தகப்பனார் இல்லை, வள்ளியாத்தாளுக்கு ஒரே மகன். பம்பாய் போய் ஏரோப்பிளான் ஓட்டப் படித்து, இரண்டு பேர் உட்காருகிற பழைய பிளான் ஒன்றை வாங்கி வந்து, காரமடை ரோட்டில் தங்கள் சோளக்காட்டை மட்டம் பண்ணித் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். மில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னையும் பம்பாய்க்கு அனுப்பி எஞ்சின் வேலை பழக வைத்தார். அதன் பிறகு பிளானை நான்தான் பார்த்து வந்தேன். வேறு யாரும் எஞ்சினில் கை வைத்ததில்லை.

என் மச்சான் தங்கராஜ் அதே மில்லில் வேலை பார்த்தவன். ஆவணி மாதத்து ஸ்டிரைக்கில் சேர்ந்ததற்காக அவனை நீக்கிவிட்டார்கள். அந்த வன்மத்தில் நான் எஞ்சினைக் கெடுத்துவிட்டேன் என்று போலீஸ் தரப்பில் சொல்வது பொய். சண்டை போட்டது நிஜம். கொட்டகையில் வைத்து, சின்ன முதலாளி முகத்துக்கு நேராகச் சத்தம் போட்டேன். கெடுக்க நினைக்கிறவன் ஊருக்கே கேட்கிற மாதிரியா சண்டை போடுவான்? அவரும், "கோவிச்சுக்காதீங்க அந்தோணி, அம்மாகிட்டப் பேசறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசினாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜையன்று காலையில் நான் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன். பெட்ரோல் வந்து நிற்கிற பித்தளைக் கிண்ணம் ஒன்று அதில் உண்டு. அதன் அடியில் இருக்கிற ஜெட் வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும். அதனால் கழுவிய பிறகு பம்பு வைத்து ஊதிவிட வேண்டும். ஊதினேன். பூட்டுவதற்குள் வள்ளியாத்தாள் பூஜைச் சாமான்களோடு வந்துவிட்டார்கள். கழற்றிக் கிடக்கிற சாமானும் பூஜையில் இருக்க வேண்டும் என்று சொன்னதால், வாழையிலை போட்டு ஸ்பானர், பம்பு, கார்புரேட்டர் துண்டுகள் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தோம். அதன் பிறகு அந்த அம்மாள் தன் கையாலேயே பிளானின் மூக்கில் சுற்றுகிற விசிறிக்கும் இறக்கைக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பித்தளைக் கிண்ணம் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளும் வைத்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேதக்காரன், அதுவும் ஸ்டிரைக் பண்ணினவனுக்கு மச்சான், பூஜையில் குறுக்கே பேசினால் என்ன ஆகும் என்று எசமானுக்கே தெரியும். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. சின்ன முதலாளி விடிந்ததும் வந்து, "நல்ல நேரம் போயிரும், சீக்கிரம் பூட்டுங்க" என்றார். நான் இலையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, கழுவுவதற்குப் பெட்ரோல் டின்னைத் திறந்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த மில் ஆட்களில் டிரைவர் நஞ்சுண்டன், "பார்றா, ஆத்தா வெச்ச பொட்டக் கழுவி ஊத்தறான்" என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் டின்னை மூடிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மண்டையில் ஸ்பானரைப் போட்டிருப்பேன். அதற்குப் பதிலாகக் கழுவாமல் துணியால் துடைத்தேன். கிண்ணத்துக்குள்ளும் துணியைவிட்டுச் சுற்றினேன். துணியில் சந்தனம் வந்தது, எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவசரத்தில் ஊதவும் இல்லை.

அதன் பிறகு பூட்டி, தரையில் வைத்து எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். குறை தெரியவில்லை. சின்ன முதலாளி ஏறி உட்கார்ந்து எனக்குக் கையைக் காட்டிவிட்டுக் கிளப்பினார். பனைமர உயரத்துக்குமேல் போய்த் திரும்பும்போது எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது. பிளான் மூக்குக் கீழாக வந்து பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் விழுந்தது. நான்தான் முதலில் ஓடினேன். பெல்ட்டை அறுத்து மடியில் கிடத்தினேன். மூச்சு இல்லை. அவர் சட்டைப் பையில் சிதறுதேங்காய்ச் சில்லு ஒன்று இருந்தது.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் எசமான் முன்னால் நானேதான் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினேன். காய்ந்த சந்தனப் பொருக்கு ஒன்று ஜெட்டின் வாயில் உட்கார்ந்திருந்தது. பெட்ரோலில் சந்தனம் கரையாது. அடியில் ஒட்டியிருந்தது மேலே போன ஆட்டத்தில் பெயர்ந்து வந்து அடைத்திருக்கிறது. கெடுத்தவனாக இருந்தால் நான் எதற்குக் கழற்றிக் காட்டுகிறேன்? கழுவாததும் ஊதாததும் என் குற்றம். வேண்டுமென்று நான் எதுவும் செய்யவில்லை. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. மரியஅந்தோணி

மேற்படி மரியஅந்தோணி அதே தினம் பிற்பகலில் தானாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி எச்சரிக்கப்பட்ட பிறகு சொன்னது:

மத்தியானம் நான் கோர்ட்டுக் கச்சேரித் தாழ்வாரத்தில் கான்ஸ்டேபிளோடு உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்ல வள்ளியாத்தாளைக் கூட்டி வந்தார்கள். என்னைப் பார்த்து வைவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வையவில்லை. என் முன்னால் வந்து நின்று, "ஏப்பா அந்தோணி, எங்கண்ணு கடைசியா ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார்கள். இல்லைங்க ஆத்தா என்றேன். "எங்கையால பொட்டு வெச்சு அனுப்புனனே, அந்தப் பொட்டுக்காச்சும் சாமி அவனக் காப்பாத்தியிருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் காலையில் சொன்னதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டித்தான் அவர்கள் சாட்சியத்தை எழுத வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார்.

காலையில் சொன்னதில் ஒன்று தவறு. வள்ளியாத்தாள் சந்தனம் வைத்தது விசிறியிலும் இறக்கையிலும் ஸ்பானர்களிலும்தான். பித்தளைக் கிண்ணத்துக்குள் வைத்தது நான். அந்த அம்மாள் அந்தப் பக்கமே வரவில்லை.

கிறிஸ்தவனாகிய நீ எதற்காகச் சந்தனம் வைத்தாய் என்று எசமான் கேட்டதற்குப் பதில்: வைத்தேன்.

ஜெட்டை அடைக்கும் என்று தெரிந்தே வைத்தாயா, மச்சானுக்காகவா என்று கேட்டதற்குப் பதில்: எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இது என்னவாக முடியும் என்று தெரியுமா, உனக்கு மூன்று பெண்குழந்தைகள் இருக்கிறார்களே என்று கேட்டதற்குப் பதில்: தெரியுமுங்க.

அந்த அம்மாள் அழுததைக் கேட்டு நான் இப்படி மாற்றிச் சொல்லவில்லை. இப்போது சொன்னதுதான் சத்தியம். காலையில் எழுதின காகிதம் வேண்டாம், இந்தக் காகிதத்தை ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

(ஒப்பம்) ச. மரியஅந்தோணி